சிலம்பாறைக் கோட்டையில் ஒரு கொம்பன் ஆந்தை

டிசம்பர் 14, ஞாயிறு

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். "காலையில வெறும் வயித்துல சர்க்கரை எவ்வளவு, எவ்வளவு தூரம் நடந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, எல்லாம் தேதி போட்டு எழுதிட்டு வாங்கம்மா. பொய் மட்டும் எழுதாதீங்க" என்றார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துதான் பேசினாரா? வேலங்குறிச்சி நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேட்டை முப்பத்தொரு வருடம் கையில் வைத்திருந்தவள் நான். போன மே மாதம் ஓய்வு பெறுகிற நாள்வரை என் பேனாவிலிருந்து ஒரு பொய்ப் பதிவு இறங்கியதில்லை. கவுன்சிலரே வந்து நின்றாலும் சாட்சி எங்கே என்றுதான் கேட்பேன்.

சர்க்கரை 188. நடை ஆறரை கிலோமீட்டர். சாப்பாடு மூன்று இட்லி. சரி, நான்கு.

எதிர்வீட்டு ஜெயக்கொடிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்து உயிரியல் வாத்தியார் பெஞ்சமின் ஒரு குழு வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் பறவை பார்த்துக்கொண்டே நடப்பார்களாம். பெரிய ஏரிக்கரையில் ஆரம்பித்து, கரும்புக் கொல்லை ஓரமாகப் போய், சமணர் படுக்கை இருக்கிற பாறைமேல் ஏறி, சிலம்பாறை உச்சியில் இடிந்து கிடக்கிற கோட்டையில் முடிகிறது வழி. கோட்டையில் வாசல் முழுசாக இருக்கிறது, மதில் பாதி இருக்கிறது, ராஜா யார் என்பதற்குத்தான் ஆளுக்கொரு பதில் இருக்கிறது.

எனக்கு முழங்கால் விட்டுப்போய்க் குதிரை லாயத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் மேலே போனார்கள். எதிரே ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பழைய நெற்களஞ்சியம், அதன் சுவரில் அத்திமரம் வேர்விட்டுத் தொங்குகிறது. ஜெயக்கொடி விட்டுப்போன பைனாகுலரில் பார்த்தேன், வேருக்குப் பின்னால் ஒரு மாடக்குழி. அதற்குள் இரண்டு கொம்பு, இரண்டு ஆரஞ்சுக் கண்! என்னையே முறைத்தது. அடியாத்தீ என்று கத்தியே விட்டேன்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். அதற்குள் வெயில் எதிரே வந்துவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் சொன்ன அடையாளத்தை வைத்துப் பெஞ்சமின் புத்தகத்தைப் புரட்டினார். "கொம்பன் ஆந்தைம்மா! இந்தப் பாதையில இதுவரைக்கும் பதிவே இல்ல!" என்று குதித்தார். அப்புறம் முகம் வாடிவிட்டது. குழுவில் ஒரு சட்டமாம். ஒருவர் பார்த்தால் அது பேச்சு, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு. எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்தது.

"ரெண்டாவது ஆளா நான் இருக்கேன் சார்" என்று பின்னால் ஒரு குரல். அருணகிரி என்று பெயர். சர்வேத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "மேடத்துக்குச் சிரமம் இல்லன்னா நாளைக்கே வந்து பாத்துடலாம்."

எனக்கென்ன சிரமம். பதிவு என்றால் பதிவுதான்.

டிசம்பர் 15

சர்க்கரை 181. சாப்பாடு இரண்டு தோசை. மாவு மீந்து புளித்துவிடும் என்பதால் இன்னும் மூன்று வார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். அருணகிரி சார் சாப்பிட்டார்.

மனிதர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அளந்துவிடுகிறார். "லாயத்துலேருந்து களஞ்சியம் நூத்திப் பத்து மீட்டர் மேடம்." "இந்தப் படி ஒன்பது அங்குலம், அதான் உங்க முட்டி வலிக்குது." இந்தப் பக்கமெல்லாம் முன்னே வேலையாக வந்ததுண்டு என்றார், அதற்குமேல் சொல்லவில்லை. மனைவி போய் நான்கு வருடம். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் என்றேன். தலையாட்டிவிட்டு இன்னொரு தோசையை எடுத்துக்கொண்டார்.

பைனாகுலரை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்தார். "ஏதோ இருக்குற மாதிரி இருக்கு. உறுதியாச் சொல்ல முடியல" என்றார். சரியான ஆள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத மனிதரை நான் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

நாளைக்கும் போக வேண்டும்.

டிசம்பர் 17

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

காலையில் டிபன் டப்பாவைக் கழுவ அவர் சுனைக்கு இறங்கினார். மூன்று நாளாக இதே இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமே, களஞ்சியத்தின் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. பின்னால் இடிந்த படி ஒன்று இருந்தது. முழங்காலை மறந்து ஏறினேன். மாடக்குழிக்குள் தலையை நீட்டினேன்.

நந்தி. உடைந்து போன நந்தியின் தலை. எந்தக் கோயிலிலிருந்து வந்ததோ! கண் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் பாறைப்பாசி. புல் மெல்லுகிற மாதிரி சாந்தமான முகம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஊரையே கூட்டிக் கத்தினேனே!

இறங்கி வந்து சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் முந்திக்கொண்டார். "பொண்ணு போன் பண்ணிச்சு மேடம். ஓசூர்ல இருக்கு. தை பொறந்ததும் இங்க வீட்டக் காலி பண்ணிட்டு வந்துடுங்கன்னு ஒரே பிடிவாதம். நான் ஒண்ணு சொல்லிட்டேன். இந்த ஆந்தையப் பாக்காம வரமாட்டேன்னு."

நான் வாயை மூடினேன்.

"பகல்ல தூங்கும்போல சார். அசையாது" என்றேன்.

"ஆமாமா, தூங்கும்" என்றார்.

சர்க்கரை பார்க்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 18

172. நடை ஆறரை. வேறு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

குழு முழுவதும் வந்தது. நான் முந்திக்கொண்டு, "இன்னைக்கு அந்தப் பக்கம் மதில்ல உக்காந்திருக்கும்னு நெனைக்கிறேன்" என்று எல்லாரையும் எதிர்த்திசைக்கு ஓட்டிவிட்டேன். இரண்டு கௌதாரி கிடைத்ததில் பெஞ்சமின் சந்தோஷமாகிவிட்டார். அருணகிரி சாரும் கூடவே வந்து மதிலை ஒரு மணி நேரம் பார்த்தார், பாவம்.

ஜெயக்கொடி என் காதோரம் வந்து, "என்னடி, மாம்பழக் கலர்ல பொடவ? மலையேறுறதுக்கா?" என்றாள். பழைய புடவையெல்லாம் கிழிந்துவிட்டது என்றேன். "ஒரே வாரத்துலயா?" என்றாள். இவளோடு பேசினால் வேலைக்காகாது.

டிசம்பர் 25

பெஞ்சமின் வீட்டிலிருந்து கேக் வந்தது. எனக்கு ஆகாது. வீணாகக் கூடாதே என்று எடுத்துக்கொண்டு போனேன்.

கரும்புக் கொல்லை தாண்டியதும் மழை பிடித்தது. இரண்டு பேரும் ஓடினோம். அறுபது வயதில் நான் ஓடினேன், இதைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். சமணர் படுக்கைப் பாறைக்குள் புகுந்தோம். வழவழவென்று செதுக்கிய ஆறு படுக்கை. முதல் படுக்கையில் அவர் உட்கார்ந்தார், மரியாதையாக ஒரு படுக்கை விட்டு மூன்றாவதில் நான். நடுப் படுக்கையில் கேக்.

"உலகமே வேணாம்னு வந்து படுத்த எடத்துல நாம க்ரீம் கேக் திங்கிறோம் மேடம்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், விக்கலாகிவிட்டது. விக்கலோடு சிரிக்க, அவரும் ஆரம்பித்தார். மனிதருக்குச் சிரித்தால் தோள் மட்டும் குலுங்குகிறது. மழை நிற்கும்வரை சிரித்தோம். என்னத்துக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மழை விட்டதும் அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே போனது. இருவரும் பார்த்தோம், பதிவு. இதுவரை அறுபத்தோரு வகை. எனக்கு இப்போது கரிச்சானையும் குயிலையும் தூரத்திலேயே பிரிக்கத் தெரிகிறது. குரலைக் கேட்டே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

கேக் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

டிசம்பர் 29

149! ரெண்டு தடவை குத்திப் பார்த்தேன், 149தான். ஜெயக்கொடி, "நடந்தா கொறையும்" என்கிறாள், ஒரு மாதிரி இழுத்து.

இட்லிக்குப் பொடியில் எண்ணெய் அதிகம் ஊற்றிவிட்டேன், அதனால் அவருக்கும் எடுத்துக்கொண்டு போனேன். பீர்க்கங்காய் நறுக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். நந்தியிடம் தினமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜனவரி 2

இன்று ஒரு அதிசயம். லாயத்துத் தரையில் அருணகிரி சார் குனிந்து ஒரு இறகை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், இது ஆந்தை எறகுதான். சந்தேகமே இல்ல. பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

நான் பார்த்தேன். பெட்டை மயிலின் இறகு. மூன்று வாரமாகப் பறவை பார்க்கிற எனக்கே தெரிகிறது. எட்டு வருடமாகப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? கண் மங்கிவிட்டதோ என்று வருத்தமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? "ஆமா சார், ஆந்தையேதான்" என்றேன். அதைக் கவனமாக நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நல்ல கண் டாக்டர் யார் என்று ஜெயக்கொடியிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

பெஞ்சமின் அறிவித்துவிட்டார். காணும் பொங்கலுக்கு ஊரே புளியோதரை கட்டிக்கொண்டு சிலம்பாறைக்குத்தான் போகும். இந்த வருடம் அந்தக் கூட்டத்தை அப்படியே பறவை நடையாக்கி, கோட்டையில் எல்லாருக்கும் கொம்பன் ஆந்தையைக் காட்டி, எல்லார் முன்னிலையிலும் நானும் அருணகிரி சாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பதிமூணு நாள் இருக்கு. அதுக்குள்ள சார் பாத்துடுவாரு" என்றார்.

சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

உண்மையைச் சொன்னால் ஆந்தை இல்லை. ஆந்தை இல்லை என்றால் அவர் ஓசூர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒருவர் ஓசூர் போனால் எனக்கென்ன? பாதை இங்கேதானே இருக்கும், பறவைகளும் இங்கேதானே இருக்கும். நடக்க வேண்டியதுதானே!

ஜனவரி 8

பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பத்தடி உயரம். ஒரு பக்கம் இன்டர்நெட்டில் எடுத்த ஆந்தை, இன்னொரு பக்கம் நான். ஓய்வு பெற்ற அன்று மாலையோடு எடுத்த போட்டோ. இரண்டு பேரும் ஒரே மாதிரி முறைக்கிறோம். "கொம்பன் ஆந்தையைக் கண்டறிந்த கோட்டையின் கண்மணி தமயந்தி அம்மா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

கண்மணியாம்! காய்கறிக்கடைக்காரர், "அக்கா, ஆந்தை நல்லாருக்கா?" என்று குசலம் விசாரிக்கிறார். சென்னையிலிருந்து மகன் போன் பண்ணி, "அம்மா, நீ வைரலாயிட்ட" என்கிறான். முக்காட்டைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் வாங்கி வந்தேன்.

ஜனவரி 9

அவர் வரவில்லை. மகள் அவசரமாகக் கூப்பிட்டதால் வீடு பார்க்க ஓசூர் போயிருப்பதாக மெசேஜ்.

ஜனவரி 10

தனியாகப் போனேன். பனங்காடை ஒன்று, செம்போத்து இரண்டு, மீன்கொத்தி ஒன்று. பக்கத்தில் யாரும் இல்லாததால் பதிவில் வராது. தோசை மூன்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். லாயத்தில் உட்கார்ந்து எதிரே பார்த்தால் நந்தி அங்கேயே இருக்கிறது, அதற்கென்ன. இந்தப் பாதை இவ்வளவு நீளம் என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். அவர் இல்லாமல் எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. போதுமா?

ஜனவரி 11, ஞாயிறு

வந்துவிட்டார்! விசில் சத்தம் கேட்டு ஏரிக்கரையில் திரும்பினால், தொப்பியை ஆட்டிக்கொண்டு வருகிறார். நான் கையை ஆட்டிய ஆட்டில் நாமக்கோழிக் கூட்டம் மொத்தமும் தண்ணீரைவிட்டு எழும்பிவிட்டது. பெஞ்சமின் தலையில் அடித்துக்கொண்டார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு மேடம். பதினோராவது மாடி. ஜன்னல்ல பாத்தா புறா வருது. புறா மட்டுந்தான் வருது" என்றார். பிறகு, "அடுத்த திங்கக்கெழமை வண்டி அனுப்பறேன்னு சொல்லுது. ஆந்தை இன்னும் பாக்கலியேன்னேன். சனிக்கெழம பாத்துடுவீங்கல்லங்குது" என்றார்.

இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. "சார்..." என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க மேடம்" என்று நின்று என் முகத்தைப் பார்த்தார். "ஷூ கயிறு அவுந்திருக்கு" என்றேன். அவிழ்ந்திருக்கவில்லை. அவரும் குனிந்து ஒரு தடவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

ஜனவரி 13

138. பரணிலிருந்து பானை இறக்கினேன். பழைய பாயை வெளியே போட்டேன். வாசலுக்குச் சுண்ணாம்பு வாங்க வேண்டும். ஒரு சத்தியமும் செய்துகொண்டேன்: பொங்கலுக்குள் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 15

பொங்கல். சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது? சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி. (இரண்டு.)

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். இன்றைக்குப் போய் நந்தியைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

எழுபது எண்பது பேர் இருக்கும். புளியோதரை, தயிர்சாதம், கைக்குழந்தை, மடக்கு நாற்காலி எல்லாம் மலையேறி வந்துவிட்டன. ஃப்ளெக்ஸையும் சுருட்டித் தூக்கி வந்து லாயத்தின் தூணில் கட்டிவிட்டார்கள். என் முகத்துக்குக் கீழேயே நான் நின்றேன்.

பெஞ்சமின் வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் பைனாகுலரைக் கொடுத்தார். வெயில் நேர் எதிரே. எனக்கு ஒரே நிம்மதி, யாருக்கும் தெரியப் போவதில்லை, தெரியவில்லை என்றால் இன்னொரு மாதம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டேன். என் ஊரைப் பற்றி எனக்கே தெரியவில்லை.

"ஆமாமா, தெரியுது!" என்றார் முதல் ஆள், கவுன்சிலரின் மைத்துனர். பத்தடி ஃப்ளெக்ஸ் வைத்த பிறகு தெரியவில்லை என்று யார் சொல்வது? அடுத்தவருக்குக் கொம்பு தெரிந்தது. அதற்கடுத்தவருக்குக் கண் சிமிட்டியது. "தலையத் திருப்புது பாரு!" என்றது ஒரு அம்மா. ஜெயக்கொடி வாங்கிப் பார்த்தாள். சும்மா இருப்பாளா? "அய்யோ, பக்கத்துல குஞ்சு!" என்றாள். அவ்வளவுதான், குஞ்சு எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியாகப் பார்த்தவருக்கு மூன்று குஞ்சு.

பெஞ்சமின் கண்ணில் தண்ணீர். பதிவு நோட்டைத் திறந்து கொட்டை எழுத்தில் எழுதினார். "சார், நீங்க பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது" என்று அருணகிரி சாரிடம் நீட்டினார்.

அவர் பைனாகுலரை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியல சார்" என்றார்.

"என்ன சார் இது! எம்பது பேரு பாத்தாச்சு!"

"எனக்குத் தெரியலியே."

ஒருவன் சிரித்தான். "கண்ணு அவுட்டு போல பெரியவருக்கு." இன்னொருவன், "கண்ணாடிய மாத்துங்க சார், ஒரு மாசமா என்னத்தப் பாத்தீங்க?" என்றான். அப்படியே பரவிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கின்றன. "இதுல சர்வேயராம்! யாரு நெலத்த யாருக்கு அளந்து குடுத்தாரோ!" என்று ஒரு குரல். அவர் பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அப்படியே நின்றார். ஒரு ஆமாம் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம் அவர். போடவில்லை. அத்தனை பேரில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான், அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

பெஞ்சமின் பெருமூச்சு விட்டு, "சரி, ஜெயக்கொடியக்கா ரெண்டாவது சாட்சி. தமயந்தியம்மா, நீங்க மொதல்ல போடுங்க" என்று பேனாவை என் கையில் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவன்டா அவரக் குருடுங்கிறது?" என்று கத்தினேன். பள்ளத்தில் மோதித் திரும்பி வந்தது என் குரல். "இங்க இருக்குறதுலயே ஒழுங்கான கண்ணு அவருக்குத்தான்! அது ஆந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒடஞ்சு போன நந்தித் தலை! பின்னால ஏறிப் போயி நானே கையால தொட்டுப் பாத்திருக்கேன். மார்கழி பொறந்ததும் பாத்தேன். சொல்லாம மறச்சது நான்."

எண்பது தலையும் ஒரே நேரத்தில் மாடக்குழிப் பக்கம் திரும்பின.

"அப்ப... மூணு குஞ்சு?" என்றார் கடைசி ஆள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கோட்டையே சிரித்தது. பார்த்த எண்பது பேரும் ஒருவரை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள். கண் சிமிட்டியதைப் பார்த்த அம்மா மட்டும் பயபக்தியாக, "நந்தி எனக்குக் கண்ணத் தொறந்து காமிச்சிருக்கு" என்று கும்பிட ஆரம்பித்தது, பின்னாலேயே நாலு பேர் கற்பூரம் தேடினார்கள். ஜெயக்கொடி என் முதுகில் ஒரு அடி வைத்து, "ஒரு மாசமா ஒரு கல்லக் காட்டி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை முழுங்கிக்கொண்டு போய்விட்டாள். பெஞ்சமின் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் தேதி போட்டுச் சின்னக் கையெழுத்தும் வைத்தார். முறைப்படி அடித்தார், அதைச் சொல்ல வேண்டும். "இனிமே ஃப்ளெக்ஸ் வைக்கும்போது கேட்டுட்டு வைக்கிறேன்மா" என்றார். கூட்டம் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கப் போனது.

நான் மதிலோரமாகப் போய் நின்றேன். சொல்லியாகிவிட்டது. ஆந்தையும் போயிற்று, வண்டியும் திங்கட்கிழமை வரப் போகிறது. அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

அவர் வாழை இலையில் புளியோதரையோடு வந்து, ஒரு கல் தள்ளி உட்கார்ந்தார்.

"மூணாம் நாளே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"மிச்ச நாளெல்லாம்?"

"நீங்க ஓசூர் போயிடுவீங்கன்னு" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டேதான் சொன்னேன், அழகாகவெல்லாம் சொல்லவில்லை. "அதுக்காகத்தான் மறச்சேன். ஒங்களப் போய்க் குருடாக்கிட்டேன். என்னத் திட்டுங்க."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் பயந்துவிட்டேன், அழுகிறாரோ என்று. சிரிக்கிறார்!

"தொண்ணூத்தி ரெண்டுல இந்தக் கோட்டைய அளந்தது நான்தான் மேடம். அந்த நந்தித் தலை நடுவழியில கெடந்துது, போறவன் வர்றவன்லாம் மிதிச்சிட்டுப் போனான். மனசு கேக்கல. நானும் அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளுங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போயி அந்த மாடத்துல வச்சோம்."

"அப்ப மொத நாளே..."

"நீங்க கத்துனப்பவே தெரியும்."

"அந்த எறகு?"

"மயில் எறகு."

"யோவ்!" என்றேன். ஆமாம், யோவ் என்றுதான் சொன்னேன், முப்பத்தொரு வருட சர்வீஸில் ஒருவரையும் சொல்லாத சொல். "ஒரு மாசமா ஏன்யா சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் புளியோதரையைப் பார்த்தோம்.

அப்போது அவர் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய், ஒரு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா! ஆந்தையப் பாத்தாச்சா? திங்கக்கெழம வண்டி அனுப்பட்டா?" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"ஆந்தையே இல்லம்மா. நந்தியாம்."

"நந்தியா? சரி, எதுவோ ஒண்ணு. அப்ப கெளம்பி வர்றீங்கதானே?"

"வரலம்மா."

"இது என்னப்பா? ஆந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல, அங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டியிருக்க வேண்டும்.

"இரும்மா, தமயந்தி பேசுவாங்க" என்று போனை என் பக்கம் நகர்த்தினார். மேடம் கீடம் ஒன்றும் இல்லை. வெறும் தமயந்தி.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். போனைக் கையில் எடுத்தேன்.

"வணக்கம்மா" என்றேன். "எம்பேரு தமயந்தி. ஒங்கப்பாவ நான் அனுப்புறதா இல்ல."